உதவி: பட்டத்தில் தொங்கும் காபனீரொட்சைட்டு உணரி வெயிலில் உளறுகிறது

இரணைமடுக்காரி: சிறுபோக வயலுக்கு மேலே காபனீரொட்சைட்டு எப்படி மாறுகிறது என்று பார்க்க, செங்கீழ்க் கதிர் உணரி ஒன்றைப் பெட்டிப் பட்டத்தின் நூலில் கட்டி ஏற்றுகிறேன். பகலில் நிலத்தில் 420 பிபிஎம்மில் (பத்து இலட்சத்தில் 420 பங்கு) ஆடாமல் நிற்கிறது. 120 மீற்றரில், காலை எட்டரைக்குப் பிறகு, 380க்கும் 425க்கும் இடையே ரம்பப் பல்லாக ஏறி இறங்குகிறது. விடியற்காலையில் பல்லே இல்லை. புதிய உணரி வாங்கிப் போட்டேன், அதுவும் அப்படியே. காசு போனதுதான் மிச்சம்.

வயல்கரை: அமுக்கத் திருத்தம் போட்டீர்களா? 4.26 மைக்ரோமீற்றரில் விழுங்கப்படும் ஒளியை வைத்து அது மூலக்கூறுகளை எண்ணுகிறது, விகிதத்தை அல்ல. மேலே காற்று ஐதானால் எண்ணிக்கையும் குறையும்.

இரணைமடுக்காரி: 120 மீற்றருக்கு அமுக்கம் ஏறத்தாழ 14 மில்லிபார்தானே குறையும் அண்ணா? அதில் ஆறு பிபிஎம் போகும், நாற்பது போகாது.

பழைய பட்டக்காரன்: தங்கச்சி, பட்டத்தில் விண் (காற்றில் அதிர்ந்து கூவும் நாடா) கட்டியிருக்கிறதா? சில உணரிகளின் படிகம் அதிர்வையும் ஒளியென்று நினைத்துவிடும்.

இரணைமடுக்காரி: தம்பி கட்டினான், ஊருக்கே கேட்கிறது. ஆனால் அது விடியற்காலையிலும் கூவுகிறதே.

பழைய பட்டக்காரன்: அப்படியானால் விண் நிரபராதி. ஆனாலும் கழற்றிவிடுங்கள். உணரி இருக்கும் பெட்டி சுழல்கிறதா? ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி, ஒரு பல்லுக்கு எத்தனை விநாடி?

இரணைமடுக்காரி: வீடியோவில் பார்த்தேன். சுற்றும் ஒன்பது, பல்லும் ஒன்பது! முற்றத்து வேப்பங்கிளையில் பெட்டியைத் தொங்கவிட்டுக் கையால் சுழற்றினேன். நிழலில் கோடு நேராக ஓடியது. வெயிலுக்கு நகர்த்தியதும் பல் முளைத்தது.

பழைய பட்டக்காரன்: கள்ளன் அகப்பட்டான். உள்ளே இருக்கும் விளக்கு அணைந்து அணைந்து எரியும். அணைந்த நேரத்து அளவை எரிந்த நேரத்து அளவிலிருந்து கழித்துத்தான் கணக்கு. வெயில் ஒரே சீராக விழுந்தால் கழிந்துபோகும். பெட்டி சுழலும்போது இரண்டு அளவுகளுக்கும் இடையில் வெயில் மாறிவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் சூடாகவும் செய்கிறது. காற்றுத் துளையை வெளியே பார்க்க விடாதீர்கள். கறுப்பு றப்பர் குழாயை இரண்டு இடத்தில் வளைத்து, சின்ன விசிறியால் காற்றை உள்ளே இழுங்கள். வெளியே வெள்ளை ரிஜிபோம் (தேர்மோகோல்). பெட்டி சுழலாமலிருக்கப் பின்னால் மீன்வால் போல ஒரு அட்டை.

இரணைமடுக்காரி: செய்தேன் அண்ணா. இன்று பத்து மணிக்கு மேலே 414, கீழே 420. அமுக்கத்தைத் திருத்தினால் இரண்டும் ஒன்று. ஆனால் விடியற்காலையில் நிலத்தில் 480 காட்டுகிறது, மேலே 425தான். திருத்திய பிறகும் இறங்கவில்லை. இதற்கும் குழாய் வளைக்க வேண்டுமா?

வயல்கரை: அதில் கைவைக்காதீர்கள்! இரவு முழுக்கப் பயிரும் மண்ணும் மூச்சுவிட்டது, காற்றில்லாமல் வயலோடு படிந்து கிடக்கிறது. நீங்கள் தேடிப்போனது அதுதானே. வெயில் ஏற ஏற அது எத்தனை மணிக்குக் கரைகிறது என்று நாளைக்கு எழுதுங்கள்.