யீவூவில் எல்லாரும் கரடி வாய் மாஸ்க் போடுகிறார்களே, நானும் வாங்கலாமா?

சீனாவுக்கு வந்து இரண்டு வாரம். தெருவில் ஒரு பெண்ணுக்குப் பன்றி மூக்கு, ஒரு பையனுக்கு முறுக்கு மீசை, எல்லாம் மாஸ்க்கில். ஏதாவது நோய் பரவுகிறதா அக்கா?

நோயெல்லாம் இல்லை தம்பி. மின் ஸ்கூட்டரில் போகிறவர்களுக்குக் குளிர்காலக் காற்று கன்னத்தை அறுக்கும், அதற்குத்தான் அந்தத் தடித்த பருத்தித் துணி, நம்மூரில் மார்கழிக்கு மப்ளர் சுற்றுகிற மாதிரி. எப்படியும் போட்டாக வேண்டும், அப்புறம் ஏன் மொட்டையாகப் போடுவது என்று கரடி வாய், பூனை மீசை, கோரைப்பல். கோடையில் அதே ஆட்கள் கண்ணோரம் வரை மூடுகிற மெல்லிய வெயில் மாஸ்க்குக்கு மாறிவிடுவார்கள், கறுத்துவிடுவோமோ என்ற பயம் (நமக்குத் தெரியாததா). சிங்தாவ் கடற்கரைப் பக்கம் போனால் கண், மூக்கு, வாய்க்கு மட்டும் ஓட்டை விட்ட ஃபேஸ்கினியைத் தலையோடு மாட்டிக்கொண்டு நீந்துகிற அம்மாக்களைப் பார்க்கலாம், பீக்கிங் ஆபரா என்கிற சீன இசை நாடகத்தின் வேஷ முகம் அச்சடித்ததுகூட உண்டு. நான் முதலில் பார்த்தபோது ஏதோ கூத்து நடக்கிறது என்றே நினைத்தேன்.

வாங்குங்கள், தாராளமாக. ஆனால் அது புகைமூட்டத்துக்கு ஆகாது. பெய்ஜிங்கில் என் முதல் குளிர்காலம் முழுக்க பாண்டா மாஸ்க்கோடு திரிந்தேன், தொண்டை கரகரப்பு போகவே இல்லை, கடைசியில் வீட்டுக்காரம்மாதான் "அது கன்னத்துக்கு, நுரையீரலுக்கு இல்லை" என்று சிரித்தார். இப்போது காற்று எவ்வளவோ தேவலை, 2013-ல் பெய்ஜிங்கின் பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்தூசி) ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 89.5 மைக்ரோகிராம், 2021-ல் 33. இருந்தாலும் சில நாள் எகிறும், அன்றைக்கு நுண்தூசியை வடிகட்டுகிற கேஎன்95 மாஸ்க், கூடவே ஜிபி 2626 என்ற சீனத் தர எண் அச்சடித்ததைப் பார்த்து வாங்குங்கள். அதிலேயே படம் போட்டதும் கிடைக்கிறது. முகம் காட்டிப் பணம் கட்டும் இடத்தில் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள், சரியா?

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும் அக்கா, நான் பினாங்குக்காரன். சீனாவில் மாஸ்க்கைப் பரப்பியதில் பெரிய பங்கு எங்கள் ஊரில் 1879-ல் பிறந்த டாக்டர் வூ லியன் தேவுக்கு. 1910-11-ல் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் வந்தபோது அங்கே ஹார்பின் நகரில் பஞ்சும் சல்லாத்துணியும் வைத்துக் கட்டச் சொன்னார். கட்ட மறுத்த மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் அதே நோயில் போய்விட்டார்.

தம்பி, யீவூ மொத்தச் சந்தையில் ஒன்றிரண்டு கேட்டால் பல கடைகளில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இரவுச் சந்தைக்குப் போங்கள், "கோவ்ஜாவ்" (சீனத்தில் மாஸ்க்) என்று சொன்னால் எடுத்துக் காட்டுவார்கள்.