பயோசென்சருக்குச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,
நீரிழிவு நோயாளிகளுக்கான 12 பக்கக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். ‘பயோசென்சர்’ என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. உயிர்ப்பொருள் ஒன்றின் துணையால் அளக்கும் கருவி அது. சர்க்கரை பார்க்க விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஒற்றும் பட்டை, கையில் ஒட்டிக்கொள்ளும் வில்லை இரண்டும் இதில் அடக்கம். ‘உயிருணரி’ சரியா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.
– மீ.

மீ. அம்மா,
உயிருணரி என்ன தொகை? உயிரை உணர்வது என்று விரித்தால், இடிபாட்டில் சிக்கியவருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியாகிவிடும். உயிரால் உணர்வது என்றால், பட்டையில் உயிர் ஏது? பல பட்டைகளில் இருப்பது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி (என்சைம்). சர்க்கரையிலிருந்து அது பறிக்கும் எலக்ட்ரான்களைத்தான் கருவி மின்னோட்டமாக அளக்கிறது. 1962இல் கிளார்க், லயன்ஸ் என்னும் ஆய்வாளர்கள் முதல் பயோசென்சராக முன்வைத்ததே நொதி மின்முனைதான். ஆகவே ‘நொதியுணரி’.
– நா.

நா. ஐயா,
கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் சிறுநீரிலுள்ள ஹார்மோனைப் பிடிப்பது நொதி அல்ல, எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? இலங்கையில் நாங்கள் எதிர்ப்பொருளைப் பிறபொருளெதிரி என்போம். நொதி எங்களுக்கு நொதியம். உங்கள் சொல் கடல் தாண்டுவதற்குள் மெலிந்துவிடும்.
– த.

‘உண்டுயிர்த்து உற்றறியும்’ என்கிறது குறள் 1101. அங்கே உயிர்த்தல் என்றால் முகர்தல். அப்படிப் பார்த்தால் உயிருணரி மோப்பக் கருவி! தொட்டு அறிவதுதானே இங்கே நடக்கிறது? ‘உற்றறி’ என்றே வைக்கலாம். ‘உறு’ என்னும் வேரிலிருந்து உறவு, உறுப்பு, உறுதி...
– கோ.

உறவு, உறுதியை அடுத்த வாரம் பார்ப்போம். நான் செவிலியர். நோயாளிகள் ‘சுகர் மெஷின்’ என்கிறார்கள். எந்தச் சொல்லை வைத்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். பட்டைப் புட்டியின் மூடியைத் திறந்தே வைக்கிறார்கள், ஈரம் ஏறி அளவு தவறுகிறது. அதை எழுதுங்கள். வில்லை ரத்தத்தைத் தொடுவதில்லை, தோலுக்கடியில் செல்களுக்கு இடையிலுள்ள நீர்மத்தில் பார்க்கிறது. ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கும். அதையும் எழுதுங்கள்.
– ச.

அனைவருக்கும் நன்றி. ‘உயிரியுணரி’ என்று தனிமடலில் நால்வர் சொன்னார்கள், எதிர்க்கத் தெம்பில்லை. முதல் பக்கத்தில் மட்டும் ‘பயோசென்சர்’ என்றும் சேர்த்திருக்கிறேன். மூடி பற்றிய வரி தடித்த எழுத்தில் வருகிறது.
– மீ.

உயிர் போய் உயிரி வந்தாலும் வேற்றுமைச் சிக்கல் அதேதான். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். நேற்று வீட்டில் பார்த்தேன், என் புட்டியும் திறந்துதான் கிடந்தது.
– நா.