இங்கிலாந்தில் பிள்ளையைக் கால்பந்துக் கழகத்தில் சேர்க்கும் பெற்றோருக்கு

இங்கிலாந்துக்குப் புதிதாகக் குடிவந்த நம் குடும்பங்களில் பலர், பிள்ளையைக் கால்பந்தில் சேர்ப்பதை டியூஷனில் சேர்ப்பது போலவே எண்ணுகிறார்கள்: பணம் கட்டி, வாசலில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து கூட்டிச் சென்றால் போதும் என்று. ஞாயிறு காலையில் ஆடும் ஊர்க் கழகங்கள் அப்படி நடப்பவை அல்ல. பயிற்சியாளர், செயலாளர், கோல் கம்பத்தில் வலை கட்டுபவர் என எல்லாரும் பெரும்பாலும் அதே அணியில் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர்தாம். அவர்கள் சம்பளம் இல்லாமல் உழைக்கிறார்கள். நீங்கள் கட்டும் மாதச் சந்தா மைதான வாடகைக்கும் நடுவர் கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் போய்விடுகிறது. எனவே சேர்ந்த முதல் வாரத்திலேயே, தங்களால் எந்த வேலையில் கைகொடுக்க முடியும் என்று கேட்டுவிடுவது முறை.

ஆட்டப் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் அல்லது மே வரை நீளும். அடுத்த பருவத்துக்கான பிள்ளைகளைப் பல அணிகள் மே, ஜூன் மாதங்களிலேயே சேர்த்துக்கொள்வதால், பள்ளி திறந்த பிறகு கேட்பவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியலே கிடைக்கும். அந்தப் பட்டியல் நீள்வதற்கு மைதானப் பற்றாக்குறையைவிடப் பயிற்சியாளர் பற்றாக்குறையே பல இடங்களில் காரணம் என்பதால், ஆரம்பப் பயிற்சியாளர் வகுப்பை முடிக்க முன்வரும் ஒரு தந்தையோ தாயோ இருந்தால் புதிய அணியே தொடங்கிவிடும் கழகங்களும் உண்டு. வயதுப் பிரிவு பள்ளி ஆண்டைப் பின்பற்றுகிறது. ஆகஸ்ட் 31 நள்ளிரவில் பிள்ளையின் வயது என்ன என்பதே கணக்கு. அன்று ஆறு வயது நிறையாத பிள்ளை பயிற்சிக்குப் போகலாம், லீக் ஆட்டங்களில் ஆட முடியாது.

பதிவின்போது பிறந்த தேதிக்குச் சான்று கேட்பார்கள், கடவுச்சீட்டு போதும். பத்து வயதைக் கடந்த பிள்ளை வேறொரு நாட்டில் ஏதேனும் கழகத்தில் முறையாகப் பதிவாகி ஆடியிருந்தால், அந்நாட்டுச் சங்கத்தின் அனுமதி வந்த பின்னரே இங்கே ஆட முடியும் என்பது ஃபிஃபா விதி. கனடாவிலிருந்தோ ஐரோப்பிய நாடுகளிலிருந்தோ பெயர்ந்து வருபவர்கள் இதை மறைக்காமல் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கழகம் உங்களிடம் சான்று கேட்பதுபோல நீங்களும் கழகத்திடம் கேட்கலாம். அதில் கூச்சம் வேண்டியதில்லை. பயிற்சியாளருக்கு டி.பி.எஸ். எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனை முடிந்திருக்க வேண்டும், பிள்ளைகள் நலனுக்கென வெல்ஃபேர் ஆபீசர் ஒருவர் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. வலியுறுத்துகிறது. அவர் யார், அவரை எப்படித் தொடர்புகொள்வது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏறத்தாழச் சம நேரம் ஆடக் கிடைக்குமா என்பதையும் சேரும் முன்பே கேளுங்கள்; இதில் கழகத்துக்குக் கழகம் வழக்கம் மாறும்.

நமக்கே உரிய ஒரு சிக்கல் நகையில் இருக்கிறது. கால்பந்தின் நான்காம் விதி எல்லா ஆபரணங்களையும் தடை செய்கிறது. காதணியை டேப் ஒட்டி மறைப்பதற்கும் அனுமதி இல்லை. கையில் கட்டிய கறுப்புக் கயிறு, கழுத்துத் தாயத்து, தங்கச் சங்கிலி ஆகியவற்றையும் நடுவர் கழற்றச் சொல்வார். அதைச் சமய அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம், யாராக இருந்தாலும் இதே விதிதான். காது குத்துவதைப் பருவம் முடிந்தவுடன் மே அல்லது ஜூனில் வைத்துக்கொண்டால், புண் ஆறிச் செப்டம்பருக்குள் தோட்டைக் கழற்றக்கூடிய நிலை வந்துவிடும். முழங்காலுக்குக் கீழே அணியும் ஷின் பேட் கட்டாயம். பூட்ஸ் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் செயற்கைப் புல் தரைகளில் அடியில் உலோக ஸ்டட் (குமிழ்கள்) வைத்தவற்றைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.

கோட்டோரத்தில் நிற்கும்போது கைதட்டலாம். எங்கே ஓட வேண்டும், யாருக்குப் பந்தைத் தள்ள வேண்டும் என்று தமிழில் கூவக் கூடாது. பயிற்சியாளர் ஒன்று சொல்ல அப்பா வேறொன்று சொன்னால் பிள்ளை நடுவில் நின்றுவிடும். நடுவராக வருபவர் பல நேரங்களில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். அவரைத் திட்டுவது மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கை வரை போகக்கூடும். சிறு வயதுப் பிரிவுகளில் ஆட்ட முடிவுகளையும் புள்ளிப் பட்டியலையும் வெளியிடுவதில்லை. எத்தனை கோல் என்று அக்கம்பக்கத்தில் ஒப்பிட்டுப் பேசும் நம் ஆவலுக்கு இது நல்ல கடிவாளம் என்பது என் எண்ணம்.

பெண் பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவு வரை ஆண் பிள்ளைகளோடு கலப்பு அணிகளில் ஆடலாம். தயங்கும் சிறுமிகளுக்கு, ஐந்து முதல் பதினொரு வயது வரையிலான சிறுமிகளுக்கென எஃப்.ஏ. ஏற்படுத்திய வைல்ட்கேட்ஸ் கால்பந்து வகுப்புகள் நல்ல தொடக்கம்.

‘அகாடமி’ என்று பெயர்ப் பலகை வைத்து, மாதக் கட்டணம் வாங்கும் தனியார் பயிற்சி நிலையங்களைத் தொழில்முறைக் கழகங்களின் அகாடமியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தொழில்முறைக் கழகங்கள் ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்து பிள்ளைகளைப் பதிவுசெய்கின்றன. அவை பெற்றோரிடம் பயிற்சிக் கட்டணம் வாங்குவதில்லை. ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான விமல் யோகநாதன் 2024-ல் பார்ன்ஸ்லி என்னும் தொழில்முறைக் கழகத்தின் முதல் அணிக்காக ஆடியது நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்த வாசலை எட்டுபவர்கள் மிகச் சிலரே என்பதை அறிந்து பணம் செலவிடுங்கள்.

தலையால் பந்தை முட்டுவது பற்றிய விதி 2020 முதல் மாறிவருகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அதைக் கற்பிப்பதில்லை. 2024-25 பருவத்திலிருந்து சிறு பிரிவுகளின் ஆட்டங்களிலும் படிப்படியாக நீக்குகிறார்கள். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்ற ஐயம் எழுந்தால் பிள்ளையை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் என்.எச்.எஸ். மருத்துவ ஆலோசனைக்கான 111 தொலைபேசி எண்ணையோ மருத்துவரையோ அணுக வேண்டும். 2023-ல் வந்த பிரிட்டன் வழிகாட்டலின்படி, 21 நாளுக்கு முன் மீண்டும் போட்டியில் ஆடக் கூடாது. அரையிறுதி இருக்கிறது என்று பிள்ளை கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். விளையாட்டு வகுப்பிலும் ஓடவிடாமல் இருக்க, பள்ளிக்கும் அன்றே தெரிவித்துவிடுங்கள்.