மறுமொழி: ஷெட்டில் ‘பே’ – அங்கணமா, கண்ணா?

அனைவருக்கும் வணக்கம். தொழிற்சாலை ஷெட்டில் ஒரு தூண் வரிசைக்கும் அடுத்த தூண் வரிசைக்கும் நடுவில் உள்ள இடத்தை ஆங்கிலத்தில் ‘பே’ (bay) என்கிறார்கள். அதைத் தமிழில் ‘கண்’ எனலாம் என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> இரண்டு தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட இடத்துக்கு ‘அங்கணம்’ இருக்கிறதே. புதிதாக ஏன் தேட வேண்டும்?

நல்ல சொல்தான் ஐயா. பழைய வீட்டுக் கணக்கில் அதற்கு அந்தப் பொருள் உண்டு. ஆனால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அங்கணம் என்றால் பாத்திரம் கழுவுகிற இடம். கழுநீர் போய் விழுவது அங்கணக்குழி. குறள் 720-இல் அமிழ்தைக் கொட்டி வீணாக்குவதும் அங்கணத்தில்தான். “சரக்கை மூன்றாம் அங்கணத்தில் இறக்கு” என்றால் எங்கள் ஊர்ப் பையன்கள் சாக்கடையைத் தேடுவார்கள்.

> பேசாமல் ‘பே’ என்றே எழுதினால் என்ன?

தம்பி, எழுதிப் பார்த்தாயிற்று. இப்போது என் கையில் இருப்பது ஒரு தொழிற்சாலைக் கிடங்கை நீட்டுகிற வேலை. இருப்பது 8 பே, ஒவ்வொன்றும் 7.5 மீட்டர். இன்னும் 5 சேர்த்தால் மொத்த நீளம் 97.5 மீட்டர். எச்சரிக்கைப் பலகையைத் தமிழில் வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். “3ஆம் பேயில் வெல்டிங் நடக்கிறது” என்று எழுதி முடித்துவிட்டு பெயிண்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உருபு சேர்ந்ததும் பே பேயாகிவிட்டது!

அதுகூடப் பரவாயில்லை. தூண்களுக்கு நடுவில் இருப்பதும் பே, ரேக்கில் இரண்டு கால்களுக்கு நடுவில் இருப்பதும் பே, லாரி பின்பக்கமாக வந்து நிற்கிற இடமும் பே. “மூணாவது பேக்குக் கொண்டு போ” என்று சொல்லி அனுப்பிய பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம்) கட்டு, கட்டடத்தின் மறு கோடியில் லாரி நிற்கும் இடத்தில் இறங்கியது. அதைத் திரும்பத் தூக்கிவர கிரேனுக்கு அரை நாள் போனது.

அதனால்தான் ‘கண்’ என்கிறேன். செங்கோட்டை – புனலூர் ரயில் பாதையில் இருப்பது பதிமூணு கண் பாலம். டெல்டாவில் பத்துக் கண் மதகு என்பார்கள். இரண்டு தாங்கிகளுக்கு நடுவில் உள்ள வெளியைக் கண் என்று எண்ணுவது நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாதது. ரேக்குக்கும் இதே சொல் பொருந்தும்: ரேக் கண்.

> கண் என்றால் துளை அல்லவா? முன்னும் பின்னும் திறந்திருக்க வேண்டாமா?

பாலத்தில் எண்ணுவதும் தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியைத்தானே. ஷெட்டின் பக்கச் சுவர்த் தகட்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், கண் கண்ணாகத்தான் தெரியும்.

இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு காரணம் உண்டு. உள்ளே நிற்கும் ஒவ்வொரு சட்டகமும் (இரு பக்கத் தூண்களும் மேலே அவற்றை இணைக்கும் உத்தரமும் சேர்ந்தது) இந்தப் பக்கம் அரைக் கண், அந்தப் பக்கம் அரைக் கண், ஆக ஒரு முழுக் கண்ணின் கூரைப் பாரத்தைத் தாங்குகிறது. கடைசிச் சட்டகத்துக்கு அரைக் கண் பாரம்தான். இரும்பு மிச்சமாகட்டும் என்று அதை மெலிதாகப் போட்டு, நடுநடுவே தூண்களும் நட்டுவிடுவார்கள். பின்னால் கிடங்கை நீட்டும்போது அது முழுப் பாரத்துக்குப் போதாது. அந்த நடுத்தூண்களோ ஃபோர்க்லிஃப்ட் போகிற வழியில் நிற்கும். எங்களுக்கு இப்போது அதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. முதலிலேயே அதையும் மற்றவை போல முழு வலுவில் போட்டிருந்தால், கடைசிச் சுவரைப் பிரித்துவிட்டு அடுத்த கண்ணைக் கோத்துக்கொண்டே போயிருக்கலாம்.

இப்படி முழு வலுவில் போடும் கடைசிச் சட்டகத்தை ஆங்கிலத்தில் ‘எக்ஸ்பாண்டபிள் எண்ட் ஃபிரேம்’ என்கிறார்கள். ‘விரிவாக்கத்தகு முனைச் சட்டகம்’ என்று ஆக்கினால் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. அரைக்கண் சட்டகம், முழுக்கண் சட்டகம் என்று இரண்டாகப் பிரித்தால், எது எவ்வளவு தாங்கும் என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது. கடைசிக் கண்ணைக் ‘கடைக்கண்’ என்றால் சைட்டில் கொஞ்ச நாள் கேலி நடக்கும். நடக்கட்டும்.

லாரி நிற்கும் இடத்துக்கு மட்டும் எதுவும் சரியாக அமையவில்லை. ‘துறை’ அழகாக இருக்கிறது, ஆனால் தொழிற்சாலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட துறைகள். ‘ஏற்றுமேடை’ என்றால், மேடையே இல்லாமல் தரைமட்டத்தில் ஏற்றுகிற இடங்களுக்குப் பொருந்தாது. ‘ஏற்றுவாய்’ எப்படி? சரக்கு இறங்குவதும் அங்கேதான் என்று யாராவது சொல்வீர்கள், தெரியும்.

திங்கட்கிழமை வரைபடம் சைட்டுக்குப் போகிறது. கண் 1 முதல் 13 வரை எழுதிவிட்டேன். லாரி நிற்கும் நான்கு கட்டங்களுக்கு இப்போதைக்கு எண் மட்டும் போட்டிருக்கிறேன்.