புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர், மாத்திரையைத் தொடங்காமல் உணவை மட்டும் நம்பலாமா?

வடகரை மீனாள்:

என் கொழுந்தனாருக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், எடை 86 கிலோ. நிறுவனத்தில் நடந்த உடற்பரிசோதனையில் அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 8.4 என்று வந்தது. மருத்துவர் மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையிலும் இரவிலும், கிளிமிபிரைடு 1 மி.கி. காலையில் மட்டும் என்று எழுதிக் கொடுத்தார். வாங்கி வந்த மாத்திரை அட்டை இன்னும் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவால் சர்க்கரையை அடியோடு விரட்டிவிட்டதாகச் சொல்லும் நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, "மாத்திரையை ஒருமுறை தொட்டால் ஆயுளுக்கும் விடாது, ஆறு மாதம் சாப்பாட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். என் மாமியாருக்கு இதே நோயால் ஒரு கால்விரலை எடுக்க வேண்டி வந்தது என்பதால் வீட்டில் எல்லோருக்கும் பயம். விவரம் அறிந்தவர்கள் ஆதாரத்தோடு சொல்ல வேண்டுகிறேன்.

கரிசல்காட்டான்:

உங்கள் கொழுந்தனார் சொல்வதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டாம் வகை நீரிழிவு வந்தால் போகாது என்று நம் அப்பா காலத்து மருத்துவர்கள் சொன்ன தீர்ப்பு இன்று அப்படியே நிற்கவில்லை. பிரிட்டனின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் டெய்லர் 2011-இல் வெளியிட்ட சிறு ஆய்வில், நாளொன்றுக்கு 600 கலோரி அளவிலான உணவை எட்டு வாரம் உண்ட 11 நோயாளிகளுக்கு, முதல் ஏழு நாளிலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்தது. கல்லீரலில் தேங்கிய கொழுப்பு முதலிலும், கணையத்தில் தேங்கியது மெல்ல மெல்லவும் குறைந்ததை ஸ்கேனில் கண்டார்கள். அதன் பிறகு அவரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் சேர்ந்து நடத்திய டைரெக்ட் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. தீவிரமாக எடை குறைத்த பிரிவில் ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினர் மாத்திரை இல்லாமலேயே நீரிழிவு வரம்புக்குக் கீழே இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அப்படி இருந்தோர் வெறும் 4 சதவீதம். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அந்த நிலையை அடைந்தார்கள். அந்த ஆய்வில் நீரிழிவு மாத்திரைகளை முதல் நாளிலேயே நிறுத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள். நோய் புதிது, வயது 41, குறைக்க வேண்டிய எடையும் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான ஆள் யார்?

பழைய மருந்தாளுநர்:

கரிசல்காட்டான் சொன்ன எண்களில் பிழையில்லை, ஆனால் அவற்றைச் சுற்றியிருந்த ஏற்பாட்டை விட்டுவிட்டார். டைரெக்ட் ஆய்வில் மாத்திரையை நிறுத்தியவர்கள் நோயாளிகள் அல்லர். பயிற்சி பெற்ற செவிலியரும் உணவியலாளரும் முறை வைத்துப் பார்த்து, சர்க்கரை ஏறினால் மாத்திரையை மீண்டும் தொடங்குவதற்கான விதிமுறையைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தினார்கள். இன்சுலின் போடுகிறவர்களையும், நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு மேல் ஆனவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அதைவிட முக்கியம், அவர்கள் கொடுத்தது பேலியோ அன்று. நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி வரையிலான பானமும் சூப்பும்தான் மூன்று மாதம் முதல் ஐந்து மாதம் வரை உணவு. அந்தக் கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. ஆகவே அங்கே வேலை செய்தது எடைக்குறைப்பே ஒழிய மாவுச்சத்தை ஒழித்தது அன்று. நெய்யும் பாதாமும் வெண்ணெய்த் தேநீருமாக ஒரு நாளைக் கழிப்பவர் அந்த ஆய்வைத் தமக்குச் சாட்சியாக அழைக்க முடியாது.

அடுத்து, நிலைத்தன்மை. அதே ஆய்வில் இரண்டாம் ஆண்டில் 46 சதவீதம் 36 ஆனது. அப்போது தணிநிலையில், அதாவது மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நீரிழிவு வரம்புக்குக் கீழே நிற்கும் நிலையில் இருந்து, மேலும் மூன்றாண்டு தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களிலும் கால்வாசிக்குச் சற்றுக் குறைவானவர்களே ஐந்தாம் ஆண்டில் அந்த நிலையில் இருந்தார்கள். எடை திரும்பியது, சர்க்கரையும் திரும்பியது.

மருந்துக்கடையில் நான் நின்ற காலத்தில் கண்ட ஒரு வகை மனிதர்களையும் சொல்ல வேண்டும். "இப்போது டயட்டில் இருக்கிறேன்" என்று ஓராண்டு காணாமல் போய், பாதத்தில் புண்ணோடு சீட்டை நீட்டியபடி திரும்பி வருவார்கள். அந்த ஓராண்டில் ஒருமுறைகூடச் சோதித்திருக்க மாட்டார்கள். உணவுமுறை அவர்களைக் கெடுக்கவில்லை. சோதிக்காமல் இருந்ததுதான் கெடுத்தது.

கரிசல்காட்டான்:

ஐயா, சோதிக்காமல் இருப்பவர் மாத்திரை சாப்பிட்டாலும் அதே பாதப்புண்ணோடுதான் வருவார். மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, "சர்க்கரையைக் குறையுங்கள், இரவில் சப்பாத்தி சாப்பிடுங்கள்" என்ற இரண்டு வாக்கியத்தோடு அனுப்பிவைக்கும் வழக்கத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி தின்றால் என்ன குறையும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு தழுவிய இன்டியாப் ஆய்வு 2023-இல் சொன்ன கணக்குப்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். கலோரியில் அறுபது சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்தாகத் தின்னும் நாட்டில், எச்பிஏ1சி 8.4 உள்ளவருக்குத் தட்டைப் பற்றிப் பேசாமல் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசுவது எந்த ஊர் நியாயம்?

எனக்குச் சர்க்கரை வந்த புதிதில் குளுக்கோமீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேளைக்கும் விரலைக் குத்திப் பார்த்தேன். நான்கு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 218. இரண்டு இட்லி, இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் வெண்டைக்காய்ப் பொரியல் என்று மாற்றியதும் 151. சிறுதானியம் நல்லது என்கிறார்களே என்று கம்பங்கூழ் குடித்துப் பார்த்ததில் 200-ஐத் தொட்டது. அந்தக் கருவி கற்றுக்கொடுத்த அளவுக்கு எனக்கு வேறு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. 825 கலோரிப் பானத்தை எந்த வீட்டில் மூன்று மாதம் குடிப்பார்கள்? மாவுச்சத்தைக் குறைத்தால் பசி அடங்குகிறது, பசி அடங்கினால் எடை குறைகிறது. எடை குறைவதுதான் காரணம் என்று நீங்களே சொல்லிவிட்ட பிறகு, எந்த வழியில் குறைந்தால் என்ன?

அகத்திக்கீரை:

உணவியலாளர் என்ற முறையில் இருவரோடும் எனக்கு வழக்கு உண்டு. எடை எந்த வழியில் குறைந்தாலும் சர்க்கரைக்கு நன்மைதான் என்பதை ஏற்கிறேன். ஆனால் எந்த மாத்திரையோடு எந்த உணவு என்பதில்தான் உயிர் இருக்கிறது. கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதை விழுங்கிவிட்டு மாவுச்சத்தை ஒரேயடியாக 40, 50 கிராமுக்குக் குறைத்தால் பிற்பகலில் வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றில் ஆபத்து வேறு வகை. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் அந்த மாத்திரைகளோடு கடும் மாவுச்சத்துக் கட்டுப்பாடு சேர்ந்தால், கருவியில் எண் பெரிதாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகிவிடக் கூடும். வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தபோது மீட்டர் 190 காட்டுகிறதே என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். மெட்ஃபார்மின் தனியாக இந்த இரண்டையும் செய்வதில்லை என்பதால்தான் அதைத் தொடக்க மருந்தாக வைத்திருக்கிறார்கள்.

பேலியோவுக்கும் நான்கு இட்லிக்கும் நடுவே பெரிய வெளி இருக்கிறது. அதே இன்டியாப் குழு 2022-இல் கணித்தபடி, புதிதாக நோய் கண்டவர்கள் தணிநிலையை எட்ட, மாவுச்சத்து மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதமாகவும், புரதம் 20 சதவீதத்தை ஒட்டியும் இருந்தால் போதும். நம் சமையலறையில் இதற்கு அர்த்தம், சோறு மூன்று கரண்டியிலிருந்து ஒன்றரையாகக் குறைவதும், அந்த இடத்தில் சுண்டலோ பயறோ முட்டையோ மீனோ ஏறுவதும், பொரியல் தொடுகறியாக ஓரத்தில் இல்லாமல் தட்டின் பாதியைப் பிடித்துக்கொள்வதும்தான். ரேஷன் அரிசி வாங்கும் வீட்டிலும் இது நடக்கும்; ஒரு நாளைக்கு நூறு பாதாம் அந்த வீட்டில் நடக்காது.

இன்னொன்று. நம்மவர்களில் ஒல்லியாக இருந்துகொண்டே சர்க்கரை வந்தவர்கள் பலர். அவர்களுள் சிலருக்கு இது இரண்டாம் வகையே அன்று. கணையத்தில் கல் படிந்து வரும் நீரிழிவு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நெடுங்காலமாக அறியப்பட்டது. இன்சுலின் தேவைப்படும் அவர்களிடம் போய் எடையைக் குறை என்பது கொடுமை. மீனாள் அம்மாவின் கொழுந்தனாருக்கு எடை கூடியிருப்பதால் அந்த ஐயம் குறைவு, அவ்வளவுதான்.

பழைய மருந்தாளுநர்:

நான் மாத்திரைக் கட்சி என்று யாரும் எழுதிவிட வேண்டாம். மாத்திரையைத் தொட்டால் விடாது என்ற பேச்சைத்தான் எதிர்க்கிறேன். மெட்ஃபார்மினுக்கு உடம்பு அடிமையாவதில்லை. எடை குறைந்தால் மருத்துவரே அளவைக் குறைத்து நிறுத்துவார். பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய யு.கே.பி.டி.எஸ். ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் புதிதாக நோய் கண்டவர்கள். ஆய்வு முடிந்து பத்தாண்டு கழித்து 2008-இல் பார்த்தபோது, தொடக்கத்தில் மெட்ஃபார்மின் பெற்ற பருமனானவர்களுக்கு மாரடைப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது. இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் இடையில் ஒன்றாகிவிட்ட பிறகும் அந்த லாபம் நிலைத்தது. முதல் ஆண்டுகளை வீணாக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கரிசல்காட்டான்:

அதே முதல் ஆண்டுகளைத்தான் நானும் சொல்கிறேன். அமெரிக்காவின் லுக் அஹெட் ஆய்வில் 5,145 பேர். உணவும் உடற்பயிற்சியும் மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று 2012-இல் அதை நிறுத்தியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதே தரவை வைத்து 2024-இல் வெளியான கணக்கில், இடையில் எப்போதாவது தணிநிலையை எட்டியவர்களுக்கு இதய நோய் 40 சதவீதமும் சிறுநீரக நோய் 33 சதவீதமும் குறைவு.

பழைய மருந்தாளுநர்:

எட்டியவர்கள் முன்பே நோய் இளசாகவும் சர்க்கரை குறைவாகவும் இருந்தவர்கள் என்பதால், அந்த வித்தியாசம் முழுவதையும் தணிநிலையின் கணக்கில் எழுத முடியாது. முயல வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை.

வடகரை மீனாள்:

இதையெல்லாம் அவரிடம் வாசித்துக் காட்டினேன். மெட்ஃபார்மின் என்றால் சாப்பிடுகிறேன், சோற்றையும் பாதியாக்குகிறேன், கிளிமிபிரைடு மட்டும் வேண்டாம் என்கிறார். சனிக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். என்ன கேட்க வேண்டும்?

அகத்திக்கீரை:

கிளிமிபிரைடை அவராக விடாமல், "நான் மாவுச்சத்தைக் குறைத்து எடையையும் குறைக்கப் போகிறேன், இந்த மாத்திரை தேவையா?" என்று நேராகவே கேட்கச் சொல்லுங்கள், பெரும்பாலான மருத்துவர்கள் காது கொடுப்பார்கள். இரத்த அழுத்த மாத்திரை எதுவும் சாப்பிட்டால் அதையும் சொல்ல வேண்டும், எடை இறங்கும்போது தலை சுற்றும். விழித்திரைப் பரிசோதனையை இப்போதே முடித்துவிடுங்கள், ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது சில காலம் மோசமாகக் கூடும். கருவியில் 70-க்குக் கீழே காட்டினால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

கரிசல்காட்டான்:

மூன்று மாதத்தில் 6.5-க்குக் கீழே வந்தால் மெட்ஃபார்மினையும் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். மாத்திரை நின்று குறைந்தது மூன்று மாதம் கழித்தும் 6.5-க்குக் கீழே இருந்தால்தான் தணிநிலை என்று 2021-இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் கூடி வகுத்திருக்கின்றன. நிறுத்திப் பார்க்காமல் அதை அறிய வழியில்லை.

பழைய மருந்தாளுநர்:

கேட்கட்டும், நிறுத்தவும் நிறுத்தட்டும். ஆனால் ஆண்டுக்கொரு முறை கண், பாதம், சிறுநீரில் ஆல்புமின், எச்பிஏ1சி ஆகியவற்றைப் பார்ப்பதை அதன் பிறகும் விடக் கூடாது; தணிநிலையில் இருப்பவருக்கும் அந்தப் பரிசோதனைகள் தேவை என்று நீங்கள் காட்டிய அதே 2021 அறிக்கைதான் சொல்கிறது.