ஏற்காட்டுக்கு நடந்து ஏற அமைதியான வழி எது?

அம்மாப்பேட்டை:
அப்பாவுக்கு 64 வயது. இளவயதில் அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறி, சேர்வராயனைக் கும்பிட்டுவிட்டு வந்தவர். இன்னொரு தடவை என்னோடு நடக்க ஆசைப்படுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை, 20 கொண்டை ஊசி வளைவு உள்ள சாலையிலேயே ஏறிப் பார்த்தோம். மூன்றாவது வளைவிலேயே திரும்பிவிட்டோம். ஒரே ஹாரன் சத்தம், பிரேக் கருகும் வாடை, ஒதுங்கி நிற்க இடமில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, முகம்தான் வாடிப்போனது. குப்பனூர் வழி பரவாயில்லையா? இல்லை, கொண்டப்பநாயக்கன்பட்டி காட்டுப்பாதையில் கூட்டிப் போகலாமா?

நாகலூர் காபித்தோட்டம்:
குப்பனூர் வழி வேண்டாம் தம்பி. அதுவும் வண்டி ஓடும் தார்ச்சாலைதான். கோடை விழா சமயத்தில் அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்கிவிடுவார்கள்.

கொண்டப்பநாயக்கன்பட்டிப் பாதை அமைதியானதுதான். ஆனால் சேலம் 300 மீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அத்தனையும் ஒரே மூச்சில் ஏற வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகவே கூடாது. காட்டெருமை நிற்கும் இடம் நமக்குத் தெரியாது.

என் யோசனை, ஏற்காடு வரை பஸ்ஸில் போங்கள். ஏரியிலிருந்து சேர்வராயன் கோயிலுக்கு நடங்கள். செவ்வாயோ புதனோ, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு. மலைச்சாலைதான், ஆனால் வாரநாள் காலையில் வண்டி குறைவு. வழியில் சில்வர் ஓக் மரங்களும் அதில் படர்ந்த மிளகுக்கொடியும் கூடவே வரும். கோடை மழை விழுந்த பத்து நாளில் போனால் காபிப்பூ வாசம், மல்லிகையோ என்று நின்று பார்ப்பீர்கள். நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான், எனக்கு இன்னும் அது சலிக்கவில்லை. மேலே 1,623 மீட்டரில் மரமில்லாத வெட்டவெளி, குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாதம் மட்டும் வேண்டாம், திருவிழாவும் கோடைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

கன்னங்குறிச்சி:
காட்டுப்பாதையை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். வனத்துறை 2024-ல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீ அபாயக் காலம், காட்டுக்குள் விடமாட்டார்கள். 2018-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிப் போன உயிர்களை நினைத்தால் அது சரியான கட்டுப்பாடு. ஆனால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். எனக்கு ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முட்டி விட்டுப்போனது.

அம்மாப்பேட்டை:
அண்ணா, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பஸ்ஸில் போவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் குகைக்குள் குனிந்து போவது எப்படியிருக்கும் என்று அவரே எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். புதன்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். நாகலூர் அண்ணா, ஏரிப் பக்கம் காலையில் சூடாக இட்லி எங்கே கிடைக்கும்?