வேன் கூரை ஜன்னலால் உள்ளே அனல், என்ன செய்யலாம்?

ஹட்டன்காரன்:
பழைய டொல்பின் வேனில் படுக்கை போட்டு, கூரையில் இரண்டு அக்ரிலிக் ஜன்னல் வைத்தோம். நுவரெலியாவில் இரவு கம்பளி வேண்டும், ஆனால் ஏப்ரலில் உச்சி வெயில் நேரே மெத்தையில் விழுகிறது, வெல்லவாய பக்கம் இறங்கினால் சொல்லவே வேண்டாம். உள்ளே திரை போட்டும் குறையவில்லை, ஏன்?

பண்டாரவளை அக்கா:
வெயில் ஜன்னலைத் தாண்டி வந்த பிறகுதானே தம்பி திரையில் படுகிறது, திரை சூடாகி அந்தச் சூட்டை உள்ளேயே விடும். வெளியே மூடுங்கள். நாங்கள் வெள்ளி நிறத் தறப்பாளை இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கட்டுகிறோம். ஓடும்போது கழற்றிவிடுங்கள், எல்ல வளைவில் எங்களுடையது ஒருமுறை பறந்து தேயிலைக்குள் போய் விழுந்தது!

பதுளை வேன்:
ரெஜிபோமை (பொருட்கள் பொதிசெய்ய வரும் வெள்ளை நுரை அட்டை) அளவாக வெட்டி, மேல்பக்கம் மினுங்கும் தாள் ஒட்டி உள்ளிருந்து செருகலாம், இரவுக் குளிருக்கும் உதவும். அக்ரிலிக்கோடு ஒட்ட வைக்காதீர்கள், நடுவில் சூடு தேங்கி என்னுடையது வளைந்துவிட்டது. அப்புறம், மழை இல்லாதபோது கூரை ஜன்னல் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சூடான காற்று மேலே போய்விடும்.

ஹட்டன்காரன்:
சரி, முதலில் தறப்பாள். கொக்கிக்குக் கூரையைத் துளைத்தீர்களா அக்கா?

பண்டாரவளை அக்கா:
ஐயோ இல்லை, மழைத்தண்ணீர் வடியும் விளிம்பில் மாட்டினோம்.